இரவிகுளம்: வரையாட்டைத் தேடிப் போய்ப் புல்லைப் பார்த்தது

மூணாறிலிருந்து மறையூர் போகும் சாலையில் கொஞ்ச தூரத்திலேயே இரவிகுளம் தேசியப் பூங்காவின் நுழைவாயில் வந்துவிடும். சொந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் வனத்துறையின் பேருந்துதான். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி, ஒரு கட்டத்தில் தேயிலை முடிந்துபோகிறது. கீழே கத்தரித்துச் சீராக்கிய பச்சை. மேலே காற்றில் படுத்துப் படுத்து எழும் புல். அதுதான் ராஜமலை.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த சமயத்தில் போயிருந்தேன். பாறைகளில் இன்னும் நீர் கசிந்துகொண்டிருந்தது. ஈரம் சொட்டும் இடங்களில் காட்டுக் காசித்தும்பை இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். நமக்கு நடக்கக் கிடைப்பது ராஜமலையின் தார்ச்சாலை மட்டும். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) தலைக்கு மேலே நிற்கிறது, ஏற அனுமதியில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. இவ்வளவு பேர் வரும் இடத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் மலை தாங்காது.

வரையாட்டைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறோம். தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. சாலையோரச் சரிவில் ஒரு பெட்டையும் அந்த வருடத்துக் குட்டியும் மேய்ந்துகொண்டிருந்தன. கைக்கெட்டும் தூரம். புல்லைக் கடித்து இழுக்கும்போது 'சரக் சரக்' என்று அறுபடும் சத்தம் கேட்டது. சற்று மேலே, பாறை விளிம்பில், வயதான கிடா ஒன்று. உடம்பு முழுக்கக் கறுத்த பழுப்பு, முதுகில் மட்டும் வெள்ளி பூசிய திட்டு. முதிர்ந்த கிடாக்களுக்கு மட்டுமே அந்தத் திட்டு வரும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான இது, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இமயமலை வரையாட்டின் நெருங்கிய உறவு என்றுதான் முன்பு வகைப்படுத்தியிருந்தார்கள். 2005-ல் வெளியான மரபணு ஆய்வு, இது செம்மறியாட்டுக்கே நெருக்கமானது என்று காட்டி, இதற்கென்று தனிப் பேரினமே கொடுத்தது.

அங்கே காவலுக்கு நின்றிருந்த வாட்சர் தமிழில் பேசினார். முதுவர் சமூகத்தைச் சேர்ந்தவர். "கிட்டப் போகாதீங்க சார், அதுவா வந்தா நின்னு பாருங்க" என்றார். இங்கே எத்தனை ஆடு இருக்கும் என்று கேட்டேன். நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், எதிர்ச்சரிவைக் கைகாட்டினார். "ஆட்டை யாரு சார் காவல் காக்க முடியும்? நாங்க பாக்குறது புல்லைத்தான். தீ வராம, வேற மரம் உள்ள பரவாம."

அதற்குப் பிறகு நான் சரிவைப் பார்த்த விதமே வேறு. மலை மடிப்புகளில், நீரோடை இறங்கும் பள்ளங்களில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு. குட்டையான மரங்கள், தண்டெல்லாம் பாசி. மடிப்பை விட்டு வெளியே வந்தால் ஒரு மரம்கூட இல்லை, வெறும் புல். யாரோ காட்டை வெட்டிவிட்டார்கள் என்று தோன்றும். அப்படியில்லை. குளிர்காலத்து இரவுகளில் திறந்த சரிவில் உறைபனி விழுகிறது. சோலை மரங்களின் நாற்று அதில் கருகிவிடும். புல்லுக்கோ வளரும் முனை மண்ணை ஒட்டியே இருப்பதால் மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததற்குத் தடயம் கண்டிருக்கிறார்கள். இந்த மலைகளில் மனிதன் காட்டை வெட்டத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பு அது.

இந்தப் புல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் காலத்திலும் அதற்குப் பின்னும் 'தரிசு' என்று கணக்கெழுதி, நீலகிரியிலும் பழனியிலும் சீகை என்னும் வாட்டில் மரத்தையும் தைலமரத்தையும் பைனையும் நட்டுத் தள்ளினார்கள். நினைத்தால் மனசு ஆறவில்லை. அங்கெல்லாம் புல்லோடு வரையாட்டின் மேய்ச்சலும் போயிற்று. இரவிகுளம் தப்பியது ஒரு விசித்திரமான வழியில். தோட்டக்காரத் துரைகள் இதை வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். 1928-ல் அதற்காகவே ஒரு சங்கம் அமைத்து, முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். கேரள அரசு 1971-ல் சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் தேயிலை நிறுவனத்தின் கையிலிருந்த நிலங்களை மீட்டது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களில் இதுவும் ஒன்று.

சரி, புல்லால் நமக்கு என்ன? பெய்த மழையைப் புல்லின் வேர்களும் அடியிலுள்ள கறுத்த மண்ணும் பிடித்து வைத்து, மெல்ல மெல்லச் சோலைக்குள் விடுகின்றன. மேற்கே இறங்குவது பெரியாறு போன்ற ஆறுகளுக்குப் போகிறது. கிழக்கே இறங்குவது பாம்பாறாகி, அமராவதியில் கலக்கிறது. உடுமலையிலும் தாராபுரத்திலும் வயலுக்குப் பாயும் தண்ணீரில் இந்தச் சரிவின் பங்கு உண்டு. திரும்பும்போது மறையூர் பக்கம் லக்கம் அருவியில் நின்றேன். இரவிகுளத்து மேட்டிலிருந்து வரும் நீர்தான் அது, அவ்வளவு குளிர்ச்சி.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயங்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாகப் பூங்காவை மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆட்டுக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, 12 வருடக் கணக்குப்படி அடுத்தது 2030. அந்த வருடம் கூட்டம் அலைமோதும். என்னைக் கேட்டால், பூ இல்லாத வருடத்தில் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். புல்லை நின்று பார்க்க அப்போதுதான் இடம் கிடைக்கும்.