ஜன்னலில் கிடைத்த ரேகை

அக்கா மகன் தருமபுரியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறான். போன மாதம் பாலக்கோடு வந்திருந்தபோது, தக்காளி மண்டிக்குப் போகும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மாமா, நானும் போலீஸ் பரீட்சை எழுதலாம்னு இருக்கேன். கொலை நடந்த இடத்துல தடயம் எடுக்கிற வேலைதான் வேணும்" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அவன் கேட்டது ஒரு வேலை இல்லை, மூன்று. காவலராகவோ எஸ்ஐ ஆகவோ போனால் சம்பவ இடத்துக்கு முதல் ஆளாகப் போவீர்கள். ஆனால் அங்கே எதையும் தொடக்கூடாது. ரேகை எடுப்பது விரல்ரேகைப் பிரிவு. அதற்கு அறிவியல் பட்டதாரிகளை எஸ்ஐ பதவிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தனியாக அறிவித்து எடுக்கிறது. இரத்தக்கறை, விஷம், தோட்டா எல்லாம் தடய அறிவியல் துறைக்குப் போகும். அங்கே சீருடை, லத்தி எதுவும் கிடையாது. இளநிலை அறிவியல் அலுவலர் வேலைக்கு டிஎன்பிஎஸ்சி எழுத வேண்டும். வேதியியல் படிக்கிறவன் இதை விட்டுவிட்டுக் காவலர் உடல்தகுதித் தேர்வுக்குக் கயிறு ஏறப் பழகுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நான் காவலராகச் சேர்ந்தவன். 2017 மே மாதம் எழுதினேன். அப்போது 80 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். 2022-ல் முறை மாறிவிட்டது. தமிழ்த் தகுதித் தேர்வில் 80-க்கு 32 வாங்கவில்லை என்றால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். அந்த அடுத்த தாள் 70 மதிப்பெண்: பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண் தொடர், திசை, உறவுமுறை மாதிரியான கணக்குகள்தான். தினமும் அரை மணி நேரம் போட்டுப் பழகினாலே போதும். பொது அறிவுக்கு ஆறு முதல் பத்து வரையான பள்ளிப் புத்தகம். எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அடுத்தது உடல்தகுதித் தேர்வு. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு விடியற்காலையில் ரோட்டில் ஓடினேன், வந்துவிட்டது. கயிறுதான் படுத்தியது. புளியமரத்தில் கட்டி ஏறிப் பழகியதில் உள்ளங்கை உரிந்து, ஒரு வாரம் களியை ஸ்பூனால் சாப்பிட்டேன்.

பயிற்சி முடிந்ததும் யாரும் உங்களை ஸ்டேஷனில் உட்கார வைக்க மாட்டார்கள். நான் போச்சம்பள்ளியில் சிறப்புக் காவல் படை பட்டாலியனில் இருந்தேன். அங்கே வேலை என்றால் பந்தோபஸ்து. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள், இந்த வேலை ஒத்துவருமா என்று உங்கள் காலே சொல்லிவிடும். மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் நாலு மணிக்கு வரும். வீட்டு விசேஷத்துக்கு லீவு கேட்டால் அன்றைக்கென்று ஒரு திருவிழா இருக்கும்.

அப்புறம் ஆயுதப்படை, அதற்குப் பிறகுதான் ஸ்டேஷன். அங்கே எனக்குக் கிடைத்த முதல் 'சம்பவ இடம்' ஒரு வீட்டுத் திருட்டு. விரல்ரேகைப் பிரிவு காலையில்தான் வரும், அதுவரை வாசலில் நில் என்றார் ஏட்டய்யா. நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே சாரல் அடிக்கிறதே என்று, நல்லது செய்வதாக நினைத்து ஜன்னல் கதவைத் தள்ளிச் சாத்தினேன். காலையில் வந்த எஸ்ஐ மேடம் பவுடர் தடவிப் பார்த்ததில் கண்ணாடியில் நாலு விரலும் பளிச்சென்று பதிந்திருந்தன. எல்லாருக்கும் சந்தோஷம். மேடம் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, "ராத்திரி யாராவது உள்ளே போனீங்களா?" என்றார். அங்கேயே என் பத்து விரலையும் மையில் தொட்டு உருட்டி எடுத்தார்கள். ஜன்னலில் இருந்தது என் ரேகைதான். திருடன் ரேகை அதற்கு அடியில் இருந்ததோ என்னவோ, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு மாதம் வரைக்கும் ஏட்டய்யா என்னை 'ஏ ஒன்', அதாவது முதல் குற்றவாளி என்றுதான் கூப்பிட்டார்.

ஸ்டேஷனில் மீதி நேரமெல்லாம் எழுத்து வேலை. எஃப்ஐஆர், சம்பவ இடத்தைப் பார்த்தபடி எழுதும் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், சாட்சி வாக்குமூலம், பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்ப 95-ஆம் படிவம், கேஸ் டைரி. ஈரமான இரத்தத் துணியை நிழலில் காயவைத்துக் காகிதத்தில் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்து லேபுக்குப் போகும்போது ஒன்றுக்கும் ஆகாது. சரியாகச் சுற்றினாலும் எங்கே, எப்போது, யார் முன்னிலையில் எடுத்தது என்று மகஜரில் இல்லாவிட்டால் அது வெறும் பழந்துணி. குறுக்கு விசாரணையில் வக்கீல் அதைத்தான் பிடிப்பார். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது சட்டம். ஐந்து ஆண்டுக்குள் எல்லா மாநிலமும் இதைக் கொண்டுவர வேண்டும். சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். ஆக, தடய அறிவியல் படிக்கிறவர்களுக்கு இது நல்ல காலம். எங்களுக்கு எழுத்தோடு செல்போனும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன், அவனுக்கு அது பிடிக்கவில்லை. நம் மாவட்டத்தில் காக்கி போடப் போகிறவன் வாச்சாத்தியைப் படிக்காமல் போகக்கூடாது. 1992 ஜூனில் அந்த மலைக் கிராமத்தில் வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் சேர்ந்து செய்த கொடுமைக்கு, 2011-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரூர் பக்கம் விசாரணைக்குப் போனால் வயதான அம்மாக்கள் இன்றைக்கும் சட்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். வாக்குமூலம் வாங்க அவசரப்பட்டால் அங்கே ஒன்றும் நடக்காது. திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மழை தண்ணியைப் பற்றிப் பேசத் தெரிய வேண்டும்.

கடைசியில் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் வீட்டுச் சமையலறையைப் பார்க்காத ஒருவர் படிக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுது, அதைப் படித்து நான் படம் வரைவேன் என்றேன். ரெண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மிக்ஸி என்ன கம்பெனி என்றுகூட எழுதியிருந்தான். ஆனால் கதவு எந்தப் பக்கம் என்று இல்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.