புள்ளி பொருந்தியது, இன்ஜின் கிளம்பவில்லை

அப்பாவின் லாரி கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிய வண்டி. ஆறு சிலிண்டர் டீசல். ஒன்பது வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை நான்தான் வீம்புக்கு இறக்கிப் பிரித்தேன். லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் லேத்துக்காரர் புண்ணியத்தில் முடிந்தன. டைமிங்தான், அதாவது பிஸ்டன், வால்வு, டீசல் பீச்சல் மூன்றையும் ஒன்றுக்கொன்று நேரம் பொருத்துவதுதான், என்னைப் படுத்தியது.

பிரிக்கும்போதே கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) கியர், கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) கியர் புள்ளிகளில் வெள்ளை பெயின்ட் வைத்திருந்தேன். அதனால் பூட்டுவது சுலபமாக இருந்தது. புள்ளிக்குப் புள்ளி சேர்த்து, கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். எதுவும் எதிலும் இடிக்கவில்லை. அந்தத் தெம்பில் கிராங்க் முனையில் இருக்கிற பிளைவீல் சக்கரத்தின் கோட்டைப் பார்த்து, முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில், அதாவது காற்றை அமுக்கி டீசலுக்குக் காத்திருக்கிற இடத்தில், நிற்கிறது என்று நானே முடிவு கட்டி, டீசல் பம்பைக் கப்ளிங்கில் பூட்டிவிட்டேன்.

ஜனவரி காலை, புல்லெல்லாம் உறைபனி. செல்ஃப் அடித்தால் சைலன்சரில் வெள்ளைப் புகையும் இரண்டு 'டப்'பும்தான். குளிர் என்று நினைத்து வெந்நீர் ஊற்றினேன், பேட்டரி மாற்றினேன், மூன்று தடவை டீசல் லைனில் சிக்கிய ஏர் எடுத்தேன். இதிலேயே இரண்டு நாள் போனது.

குன்னூரிலிருந்து வந்த மேஸ்திரி அண்ணன் ஸ்பானரைத் தொடவே இல்லை. "தம்பி, ஆறாவது சிலிண்டர் வால்வு என்ன பண்ணுதுன்னு பாத்தியா?" என்றார்.

வால்வுகளை அமுக்குகிற ராக்கர்களின் கவரைத் திறந்தேன். சிலிண்டர்கள் எரிகிற 1-5-3-6-2-4 வரிசையில் ஒன்றும் ஆறும் ஜோடி. இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே மேலே வரும். ஒன்று கம்ப்ரஷனில் இருந்தால் ஆறில் எக்ஸாஸ்ட் மூடி இன்லெட் திறக்கிற ஆட்டம் தெரிய வேண்டும். என் இன்ஜினில் ஆட்டம் ஒன்றில். ஆறில் இரண்டு ராக்கரும் லூஸாக நின்றன. கேம் ஒரு சுற்று சுற்றக் கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது. அதனால் பிளைவீல் கோடு இரண்டு தடவை வரும். நான் பிடித்தது தப்பான தடவை. கையால் சுற்றிப் பார்த்தது கிராங்க்கும் கேமும் சரி என்று மட்டும்தான் காட்டியது. பம்பைப் பற்றி அது என்ன சொல்லும்?

கப்ளிங்கைக் கழற்றி, பம்பை அப்படியே விட்டு, கிராங்க்கை ஒரே ஒரு முழுச் சுற்று. இந்தத் தடவை ஆட்டம் ஆறில். அப்புறம் முதல் லைனின் டெலிவரி வால்வைக் கழற்றி, வளைந்த குழாய் மாட்டி, டீசல் சொட்டு நிற்கிற இடத்தை, அதாவது பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்குகிற இடத்தை, பிளைவீலின் டிகிரி கோட்டோடு சேர்த்தோம். பம்பை நகர்த்தியது நூல் அளவுதான், ஆனால் அரை மணி நேரம் பிடித்தது. எரியாத டீசல் இறங்கி டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருந்ததால் புது ஆயிலையும் கொட்ட வேண்டியதாயிற்று. வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் இரண்டாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது. அப்பா வாசலுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் பானட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

டைமிங் கவரின் ஆயில் சீல் சொட்டுகிறது. அடுத்த ஞாயிறு அதைக் கழற்ற வேண்டும்.