அந்த ஒரு கேள்விக்குறி

போன வாரம் ஒரு ஏரியா பிளானோட சஸ்டெய்னபிலிட்டி அப்ரைசல் ரிப்போர்ட் படிச்சிட்டு இருந்தேன், அதாவது அந்தப் பிளானால சுற்றுச்சூழலுக்கும் மக்களுக்கும் என்ன நல்லது கெட்டது வரும்னு பார்க்கிற ரிப்போர்ட். பெரிய டேபிள், தண்ணி, காத்து, வீடு, பல்லுயிர், கார்பன்னு வரிசையா போகுது, எல்லாத்துக்கும் பிளஸ் மைனஸ் போட்டாச்சு, கடைசி வரியில நிலத்தோற்றம்னு போட்டு வெறும் கேள்விக்குறி. இதுல எனக்கு ஆத்தாமை என்னன்னா, அதே இடத்துக்கு லேண்ட்ஸ்கேப் கேரக்டர் அசெஸ்மென்ட், அதாவது நிலத்தோட குணத்தை எழுதி வைக்கிற மதிப்பீடு, ஏற்கெனவே பண்ணி வச்சிருக்காங்க, டேபிள் போட்டவங்க அதைத் திறந்தே பார்க்கல.

இந்த அசெஸ்மென்ட்னா ஒரு நிலம் அழகா இருக்கா இல்லையான்னு மார்க் போடுற வேலைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. இந்த இடத்தையும் பக்கத்து இடத்தையும் எது வேற வேறயா ஆக்குதுன்னு பார்க்கிறது. அடியில என்ன பாறை, மேல என்ன மண்ணு, தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, வயலு பெருசா சிறுசா, வேலியா மதிலா, வீடுங்க ஒண்ணா கூடி இருக்கா சிதறி இருக்கான்னு மேப்புகளை ஒண்ணு மேல ஒண்ணா வச்சுப் பார்த்துட்டு, அப்புறம் நேர்லயே போய் நின்னு, தொடுவானம் எப்படித் தெரியுது, என்ன சத்தம் கேக்குது, வெட்டவெளியா இருக்கா அடைஞ்ச மாதிரி இருக்கான்னு தாள்ல குறிச்சுக்கணும். முதல்ல உள்ளதை உள்ளபடி எழுதணும், இது நல்லதா கெட்டதாங்கிறது அதுக்கு அப்புறம்தான். இங்கிலாந்தை முழுசா இப்படி 159 பகுதியா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதி வச்சிருக்காங்க.

அந்த டேபிள் மாதிரி மத்த மதிப்பீட்டு டூல்களோட இது எங்க சேருதுன்னு கேட்டா, நான் ஃப்ளோ கன்ட்ரியைத்தான் காட்டுவேன். ஸ்காட்லாந்தோட வட கோடியில கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மரமே இல்லாத ஈர நிலம், காலடியில ஸ்பேக்னம் பாசி, நடுநடுவுல கருப்பா சின்னச் சின்னக் குட்டை. பாசி முழுசா மக்காம ஆயிரக்கணக்கான வருஷமா சேர்ந்து சேர்ந்து பீட் மண்ணா ஆகியிருக்கு, அவ்வளவு கார்பனும் அதுக்குள்ளதான் இருக்கு. 1970, 80கள்ல வரிச்சலுகை கிடைக்குதுன்னு அங்க உழுது, வாய்க்கால் வெட்டி, சிட்கா ஸ்ப்ரூஸ்ங்கிற ஊசியிலை மரத்தை நட்டுட்டாங்க. பீட் காய ஆரம்பிச்சுது, காய்ஞ்சா உள்ள இருக்கிற கார்பன் காத்துல கலக்கும். வெட்டவெளியில கூடு கட்டுற பறவைங்களுக்கும் இடம் போச்சு. 1988ல சலுகையை நிறுத்தினாங்க, அதுக்கப்புறம் நட்ட மரங்களை வெட்டி வாய்க்காலை அடைக்கிற வேலை நடந்துச்சு, 2024ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் வந்துருச்சு.

மரம் நட்டா கார்பன் குறையும்னு ஒரு தனி டேபிள் போட்டா அங்க பிளஸ்தான் விழும். ஆனா அந்த நிலத்தோட குணத்தை ஒரு பத்தி எழுதிப் பாருங்க, ஈரம், பீட், மரமில்லாத வெளின்னு மூணையும் எழுதாம முடியாது, அந்த மூணுலயே கார்பனும் பறவையும் தண்ணியும் ஒண்ணா வந்துடுது. அந்த நிலம் வெட்டவெளியா இருக்கிறதுக்குக் காரணமே அடியில இருக்கிற ஈரந்தான்.

திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் மதிப்பீடு பத்தின 2001 ஐரோப்பிய யூனியன் உத்தரவும் இதைக் கேக்குது. பல்லுயிர், மண், தண்ணி, காலநிலை, நிலத்தோற்றம்னு பட்டியல் போட்டுட்டு, இதுங்களுக்குள்ள என்ன தொடர்புன்னும் எழுதச் சொல்லுது. இந்தக் கடைசிக் கேள்விக்கு நிறைய ரிப்போர்ட்ல ஒப்புக்கு ரெண்டு வரிதான் இருக்கும். கேரக்டர் அசெஸ்மென்ட்டை முன்னாடியே கையில வச்சிருந்தா பாதி பதில் அதுலயே இருக்கு. காற்றாலை எங்க தாங்கும்னு பார்க்கிற சென்சிட்டிவிட்டி ஸ்டடிக்கும் இதுதான் அடிப்படை. ஓடை, தோப்பு, பூங்கான்னு பசுமையான இடங்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற பசுமைக் கட்டமைப்பு பிளான்ல எந்த ஓடையை எந்தத் தோப்போட இணைக்கிறதுன்னு முடிவு பண்ணவும் இது உதவும், ஏன்னா அங்க முன்னாடி எது எதோட சேர்ந்து இருந்துச்சுன்னு இதுல எழுதியிருக்கும்.

என்னைக் கேட்டா நிலத்தோற்றத்தைக் கடைசி வரியா வைக்கவே கூடாது. அதை டேபிளோட முதல் நெடுவரிசையா வச்சு, எந்தக் கேரக்டர் பகுதின்னு முதல்ல போட்டுட்டு, அந்தப் பகுதிக்குள்ள தண்ணி என்ன ஆகும், மண்ணு என்ன ஆகும்னு தனித்தனியா கேக்கணும். ஒரே பாலிசி பள்ளத்தாக்குல பிளஸாவும் மேட்டுல மைனஸாவும் வரும், இப்ப இருக்கிற டேபிள்ல ரெண்டும் கலந்து சைபராத்தான் தெரியுது.

அந்த ரிப்போர்ட்டுக்குக் கருத்து சொல்ல இன்னும் நாள் இருக்கு. அவங்க திறக்காத அந்த அசெஸ்மென்ட்ல இருந்து ரெண்டு பக்கத்தை எடுத்து, கேள்விக்குறி இருக்கிற வரிக்கு நேரா வச்சு அனுப்பப் போறேன்.