இடுப்பு மாற்றினேன், இப்போது எல்லா நாற்காலியையும் கண்ணால் அளக்கிறேன்

ஹிப் ரீப்ளேஸ்மென்ட், அதாவது இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன், செய்துகொண்டால் எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேட்பவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரு வாரக் கணக்கைத்தான் எதிர்பார்க்கிறார்கள். டாக்டர் எனக்குச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்: உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் 6 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள், நின்றுகொண்டோ சுமை தூக்கியோ பார்க்கிற வேலை என்றால் 3 மாதம், சிலருக்கு அதற்கு மேலும். ஆனால் என்னைக் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்கள் ஆபீஸ் டாய்லெட் இந்தியனா வெஸ்டர்னா? நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கிறதா? வீடு எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? எதில் ஏறி ஆபீஸ் போகிறீர்கள்? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் தேதி குறிப்பதில் அர்த்தமே இல்லை.

என் கதை சுருக்கமாக. தோல் வியாதிக்காக நிறைய நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவள் நான். அதன் பிறகு இடது பக்கம் தொடை இடுக்கில் வலி, அது முட்டிக்கு இறங்கும், நானும் முட்டிக்குத்தான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு வலி முட்டியில் தெரிவது சகஜமாம். முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, எம்ஆர்ஐ எடுத்ததும்தான் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது செத்துக்கொண்டு வருவது தெரிந்தது. ஏவிஎன் என்பார்கள். ஸ்டீராய்டும் குடியும் இதற்குப் பெரிய காரணங்கள். வருகிறவர்களில் பலர் முப்பது நாற்பது வயதுக்காரர்கள் என்று டாக்டர் சொன்னார், நான் என்னவோ இது பாட்டிகளுக்கு வருவது என்று நினைத்திருந்தேன்.

பங்குனியில் ஆபரேஷன். செத்த தலையை எடுத்துவிட்டுத் தொடை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டு, அதன் மேல் செராமிக் உருண்டை, அது சுழல்வதற்கு இடுப்புப் பக்கம் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் கெட்டியான பிளாஸ்டிக் உறை. 1960களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் நிலைநிறுத்திய முறையின் வழிவந்ததுதான் இது என்று என் வீட்டுக்காரர் எங்கேயோ படித்துவிட்டு வந்து, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார். மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அங்கே பட்டனை அழுத்தினால் கட்டில் ஏறும் இறங்கும், டாய்லெட் உயரமாக இருக்கும், நர்ஸ் இருப்பார். கஷ்டம் பெரம்பூரில், எங்கள் இரண்டாவது மாடி வீட்டில்தான் ஆரம்பித்தது.

எனக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன். அதனால் 3 மாதத்துக்கு மூன்று கட்டளைகள். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, ஆபரேஷன் செய்த காலை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. மீறினால் உருண்டை கிண்ணத்தை விட்டு நழுவிவிடலாம். முன்பக்கமாகச் செய்பவர்களுக்கு விதிகள் வேறு, சிலருக்குக் குறைவு, அதனால் என்னுடையதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். கேட்பதற்கு இந்த மூன்றும் சுலபமாகத்தான் இருக்கிறது. 90 டிகிரி என்பதை வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்: உட்காரும்போது முட்டி இடுப்பை விட மேலே போகவே கூடாது. அப்படிப் பார்த்தால் எங்கள் சோபா தள்ளுபடி, கட்டில் தள்ளுபடி, டாய்லெட் சீட் தள்ளுபடி. நம் வாழ்க்கையில் பாதி தரையிலேயே நடக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. காய் நறுக்குவது, துணி மடிப்பது, சாமி விளக்கு, கேஸ் சிலிண்டரைத் திருகுவது, கீழ்த் தட்டில் இருக்கும் பருப்பு டப்பா, எல்லாமே முட்டிக்குக் கீழே.

கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். கமோட் மேலே பொருத்துகிற உயரமான சீட் ஒன்று மருத்துவ உபகரணக் கடையில் கிடைக்கிறது, அதை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி மாட்டிவிடுங்கள், வீட்டுக்கு வந்த அன்றைக்கே தேவைப்படும். நாற்காலிக்கு எங்கள் தெருவில் இருக்கும் பிசியோ தம்பி ஒரு வழி சொன்னார். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் சேர் மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் உயரமும் கூடும், உறுதியும் கூடும். காசு செலவில்லாத வைத்தியம். பந்தல்காரர் வீட்டு ஆள் மாதிரி மூன்று சேர் மேல் உட்கார்ந்து மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

மாடிப்படிக்கும் அவர்தான் ஒரு சூத்திரம் சொன்னார்: "அக்கா, புண்ணியம் பண்ணின கால் மேல போகும், பாவம் பண்ணின கால் கீழ போகும்." ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஸ்டிக்கும் ஆபரேஷன் காலும் முதலில். உடை மாற்றும்போது இதில் பாதிதான் செல்லும். பேன்ட் போடும்போது ஆபரேஷன் கால் முதலில் போக வேண்டும், கழற்றும்போது கடைசியில் வர வேண்டும். புடவைக்குக் கீழ் மடிப்பை யாராவது குனிந்து சரிசெய்ய வேண்டியிருந்ததால் நான் நைட்டியிலேயே இருந்தேன், அப்புறம் சுடிதாருக்குப் போனேன்.

சித்திரை முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கூடவே கால் முழுக்க இறுக்கமான நீள சாக்ஸ். கத்திரி வெயிலில் சென்னையில் அந்த சாக்ஸைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரி மல்லாந்துதான் படுக்க வேண்டும், கால்களுக்கு நடுவே தலையணை, கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். வலி மாத்திரை வயிற்றைக் கட்டிவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன், முதல் நாளிலிருந்தே பழமும் தண்ணீரும் மலம் இளக்கும் மருந்தும் வேண்டும். யாரும் வாய் திறந்து கேட்காத இன்னொன்று தாம்பத்தியம். அதையும் டாக்டரிடமோ பிசியோவிடமோ நேராகக் கேட்டுவிடலாம், பொதுவாக 6 வாரத்துக்குப் பிறகு என்பார்கள், எந்த நிலையில் இருந்தால் இடுப்புக்குப் பாதுகாப்பு என்பதையும் சொல்வார்கள். அவர்களுக்கு வெட்கமில்லை, நமக்குத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். லீவு விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மாதச் சம்பளம் 21,000 வரைக்கும் என்று வரம்பு வைத்து இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு நடக்கிறது, அதற்குள் வருகிறவர்களுக்குப் அதற்குப் பணம் கட்டிய நாட்கள் போதுமானதாக இருந்தால் உடம்பு சரியில்லாத காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். எங்கள் ஷாப் ஃப்ளோர் ஆட்கள் பலருக்கே இது தெரியாது. நான் அந்த வரம்பைத் தாண்டியவள், எனவே இருந்த லீவையெல்லாம் துடைத்து எடுத்து, மீதியைச் சம்பளமில்லா லீவாகப் போட்டேன். செலவுக்குக் கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் கை கொடுத்தது. தனியாக எடுக்கிற பாலிசிகளில் மூட்டு மாற்றுக்கு ஆரம்ப வருஷங்களில் பணம் தர மாட்டோம் என்று ஒரு காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இருக்கும், வலி ஆரம்பித்த பிறகு பாலிசி தேடுவதில் பலன் குறைவு.

ஆனியில் திரும்பினேன். போவதற்கு முன் மேனேஜரிடம் போனில் பேசி மூன்று விஷயம் கேட்டேன், இரக்கத்தைக் கேட்கவில்லை. ஒன்று, உயரம் ஏற்றி இறக்கக்கூடிய, கைப்பிடி உள்ள நாற்காலி. இரண்டு, முதல் சில வாரங்களுக்குக் கூட்டமில்லாத நேரத்தில் வந்து சீக்கிரம் கிளம்ப அனுமதி. மூன்றாவதுதான் பெரியது. எங்கள் மாடியில் பெண்களுக்கு இந்தியன் டாய்லெட் மட்டும். கீழே விசிட்டர்களுக்கென்று ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் பூட்டியே கிடக்கும், சாவி அட்மின் மேஜையில். அந்தச் சாவிக்கு ஒரு காப்பி வேண்டும் என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்தார்கள், பிறகு கொடுத்தார்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். கேளுங்கள்.

போக்குவரத்து இன்னொரு படலம். பெரம்பூரில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கிவிடலாம், எஸ்டேட் பக்கத்திலேயே. ஆனால் பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியையும் ஏற்றத்தையும் கூட்டத்தோடு கூட்டமாகத் தாண்டுவது ஆரம்பத்தில் நடக்காது. முதலில் கால் டாக்ஸிதான், சம்பளத்தில் நல்ல ஓட்டை விழுந்தது. காரில் ஏறவும் முறை இருக்கிறது: முன் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளிச் சாய்க்கச் சொல்லி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். சீட் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டால் வழுக்கிக்கொண்டு திரும்பலாம். டிரைவர் அண்ணன்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். ஷேர் ஆட்டோ பக்கம் இன்றுவரை போகவில்லை, அந்தத் தாழ்ந்த சீட்டும் நம் ரோட்டுக் குழியும் யாருக்கும் ஆகாது.

பிறகு ரயிலுக்கு மாறினேன், ஸ்டிக்கோடு. ஸ்டிக்கை ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், அதுதான் சரியான முறை, இடுப்பின் பாரம் அப்போதுதான் குறையும். ஆனால் பிளாட்பாரத்தில் நிற்கும் ஒவ்வொரு பெரியம்மாவும் "இந்தப் பக்கம் பிடிம்மா, வலிக்கிற பக்கம்" என்று திருத்துவார்கள். முதலில் விளக்கினேன், பிறகு தலையாட்டிவிட்டு என் வழியிலேயே நடந்தேன். இன்னொன்றும் கவனித்தேன். ஸ்டிக் இருந்தால் லேடீஸ் கோச்சில் சீட் கிடைக்கும், இல்லாவிட்டால் நன்றாக இருக்கிற பெண் என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் தேவை தீர்ந்த பிறகும் கூட்டத்துக்காக அதைக் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். வெட்கமே இல்லை எனக்கு. மழைக்காலத்தில் அதன் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், எஸ்டேட்டில் தண்ணீர் நின்று பாசி பிடித்த இடத்தில் தேய்ந்த ரப்பர் வழுக்கும்.

ஆபீஸில் வலியை விடக் களைப்புதான் ஆளை அடித்தது. மத்தியானத்துக்கு மேல் எண்கள் கண்ணுக்குள் நிற்காது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பு இறுகிவிடும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற நாட்களில் அதையே மறந்து எழுந்தால் முதல் நாலைந்து அடி நொண்டல்தான். கீழ் ரேக்கில் இருந்த ஃபைல்களை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மாற்றித் தந்தது ஸ்டோரில் இருக்கும் பையன், நான் கேட்காமலே. நொண்டலுக்குக் காரணம் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருப்பது, அதற்குப் படுத்துக்கொண்டும் நின்றுகொண்டும் காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சி. வேலைக்குப் போனதும் எல்லோரும் முதலில் கைவிடுவது இந்தப் பயிற்சியைத்தான் என்று பிசியோ தம்பி புலம்புவார். ஒரு கால் நீளமாகிவிட்ட மாதிரி ஒரு உணர்வு வேறு, எனக்கு அது பல மாதம் இருந்து மெல்ல அடங்கியது.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் தரையில் உட்கார்ந்து பொரி சாப்பிட, நான் மட்டும் நாற்காலியில் மகாராணி மாதிரி. அதைக் கிண்டல் செய்ய ஒருவர் இருந்தார், எல்லா ஆபீஸிலும் இருப்பார். தரையில் உட்காரலாமா என்பதில் டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறும். என் டாக்டர், அவசியத்துக்கு எப்போதாவது சரி, குந்தி உட்காருவதும் இந்தியன் டாய்லெட்டும் வேண்டாம் என்றார். ஸ்கூட்டியை 3 மாதத்துக்குப் பிறகு அவரைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். மெட்ரோ ஸ்டேஷனில் சோதனைக் கதவு கத்தும், இடுப்பில் உலோகம் இருக்கிறது என்று சொன்னால் பெண் காவலர் கையில் இருக்கும் கருவியால் பார்த்துவிட்டு அனுப்புவார். பல் டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லிவிடுங்கள், அவசரமில்லாத பல் வேலையை முதல் 3 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள், கிருமி ரத்தத்தில் கலந்து மூட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதால்.

ஏவிஎன் ஒரு பக்கத்தோடு நிற்காமல் மறுபக்கமும் வருவது அதிகம். எனக்கும் வலது பக்கம் எம்ஆர்ஐயில் ஆரம்ப நிலை தெரிகிறது, வலி இல்லை, அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் அந்தக் கமோட் சீட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை, பெரம்பூர் பக்கம் யாருக்காவது தேவை என்றால் இரவல் தருகிறேன், வேலை முடிந்ததும் கழுவித் திருப்பித் தந்துவிட வேண்டும்.