சினாப்சிஸ் எழுத வரும் பிள்ளைகளுக்கு

உடற்கல்வி முதுகலைப் படிப்பான எம்.பி.எட். பிள்ளைகள், சினாப்சிஸ் என்கிற ஆய்வுத் திட்டச் சுருக்கம் எழுத என் அறைக்கு வரும்போதே தலைப்போடுதான் வருவார்கள். 'கல்லூரிக் கபடி வீரர்களின் தேர்ந்தெடுத்த உடற்திறன் கூறுகளில் பிளையோமெட்ரிக் பயிற்சியின் விளைவு.' பிளையோமெட்ரிக் என்றால் துள்ளல், தாவல் பயிற்சிகள். 12 வாரம், குழுவுக்கு 15 பேர், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பயிற்சி பெறாத ஒரு கண்ட்ரோல் குரூப், முடிவில் அன்கோவா என்ற புள்ளியியல் கணக்கு. கபடியை எடுத்துவிட்டு வாலிபால் என்று போட்டால் அடுத்த மாணவருக்கு சினாப்சிஸ் தயார். இந்த அச்சிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவருவதுதான் கைடாக என் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

தாளை மூடி வைக்கச் சொல்வேன். "சரி தம்பி, ஆடும்போது உனக்கு எது இடிக்குது?" போன வருஷம் ரெய்டரான ஒரு பையன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "இரண்டாவது பாதியில கடைசி அஞ்சு நிமிஷம் கால் வரமாட்டேங்குது சார். போனஸ் கோட்டுக்குப் போகவே தயக்கமா இருக்கு." அவனுடைய ஆய்வு அந்தப் பதிலில்தான் இருந்தது. ஆனால் தாளில் அவன் எழுதியிருந்தது கூப்பரின் 12 நிமிட ஓட்டம், அதாவது 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று பார்க்கும் சோதனை!

1968-ல் வந்த அந்தச் சோதனையில் குறை ஒன்றும் இல்லை. ஒரே சீராக நீண்ட நேரம் ஓடும் திறனை அது நன்றாகவே காட்டும். கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடிதான். பாய்ந்து, சட்டென்று திரும்பி, தப்பி வந்து, மூச்சு அடங்குவதற்குள் மறுபடி பாய வேண்டும். அதனால் குறைந்த இடைவெளியில் பல தடவை குறுந்தூரம் ஓடவிட்டு, முதல் ஓட்டத்தைவிடக் கடைசி ஓட்டம் எவ்வளவு தொய்கிறது என்று பார்க்கலாம் என முடிவு செய்தோம். அதையும் கையால் அமுக்கும் ஸ்டாப்வாட்சில் எடுத்தால் விநாடியின் பத்தில் இரண்டு பங்கு சுலபமாகத் தவறும். நாம் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான் இருக்கக்கூடும். முதலில் சில பேரை இரண்டு நாள் ஓடவிட்டு, அளவு ஒத்துவருகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. இரண்டு குழுக்களுக்கு இடையே நடுத்தர அளவு வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சாதாரண டி-டெஸ்ட்டில் குழுவுக்கு 64 பேர் வேண்டும். 15 பேரை வைத்தால் மிகப் பெரிய வித்தியாசம் மட்டும்தான் கண்ணில் படும். எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும் ஜி-பவர் இலவச மென்பொருள். பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் கணக்கை அவர்கள் கையாலேயே போடச் சொல்கிறேன். அப்புறம், கண்ட்ரோல் குரூப்பைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். பயிற்சி செய்தவர் சும்மா இருந்தவரைவிடத் தேறுவார் என்று சொல்ல ஓர் ஆய்வு எதற்கு? வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சியோடு ஒப்பிடுங்கள்.

நான் விடாப்பிடியாக நிற்பது சம்மதக் கடிதத்தில். விளையாட்டு விடுதிப் பிள்ளைகள் பலருக்கு 18 வயது ஆகியிருக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி பெற்றோரின் சம்மதத்தோடு அந்தப் பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். கோச் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? அவர் இல்லாத நேரத்தில், ஊசி குத்தி ரத்தம் எடுப்போமா, பாதியில் விலகலாமா என்பதையெல்லாம் தமிழில் விளக்கிவிட்டுத்தான் கேட்க வேண்டும். விலகுகிறவரை டீமிலிருந்து நீக்க மாட்டேன் என்று கோச்சிடமும் எழுதி வாங்கச் சொல்கிறேன். சில கோச்சுகளுக்கு இது பிடிப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆய்வு வேண்டாம், வேறு டீமைப் பார் என்று மாணவரிடம் சொல்லிவிடுவேன்.