1412.698 என்றொரு பேப்பர் கிடையாது

நியூரல் நெட்வொர்க் பயிற்சியில் பலரும் பயன்படுத்தும் ஆடம் ஆப்டிமைசர் பேப்பருக்கு ஆர்க்கைவ் (ஆய்வுக் கட்டுரைகளின் இணையக் களஞ்சியம்) தந்த எண் 1412.6980. பேப்பர் தேட ஏஐ ஏஜென்ட் அழைக்கும் டூலின் ஸ்கீமாவில், அதாவது எந்த மதிப்பு எந்த வகை என்று சொல்லும் குறிப்பில், இந்த எண்ணுக்கு 'நம்பர்' என்று வகை கொடுத்துவிட்டால் அது தசம எண்ணாகி, கடைசிச் சுழியம் உதிர்ந்துவிடும். ஏஜென்ட் 1412.698ஐத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பும். அதற்குப் பிறகு செய்வதுதான் மோசம்: அப்படி ஒரு பேப்பரே இல்லை என்று கேட்டவரிடம் அடித்துச் சொல்லும்.

வகையை 'ஸ்ட்ரிங்' (எழுத்துச் சரம்) என்று மாற்றினால் இது தீரும். கூடவே எண்ணின் அமைப்பையும் டூலின் விளக்கத்தில் எழுதிவிட வேண்டும். முதல் நான்கு இலக்கம் ஆண்டும் மாதமும். புள்ளிக்குப் பின் 2014 டிசம்பர் வரை நான்கு இலக்கம், 2015 ஜனவரியிலிருந்து ஐந்து. 2007 ஏப்ரலுக்கு முந்தைய எண்களில் துறைப் பெயரும் சாய்கோடும் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டால், பழைய எண்ணைப் பார்த்து தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஏஜென்ட் தானே 'திருத்த'ப் பார்க்கும்.

டூலின் பெயர், விளக்கம், அளவுருக்களின் (அழைக்கும்போது தரும் மதிப்புகளின்) ஸ்கீமா: ஏஜென்டின் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். உள்ளே ஓடும் நிரல் தெரியாது. பெங்களூரு டீம்களில் நிரலை மூன்று பேர் ரிவ்யூ செய்வார்கள்; விளக்கத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேப் வருவதற்குள் யாராவது அடித்துப் போட்டுவிடுவார்கள். 'பேப்பர்களைத் தேடும்' என்று இரண்டே சொல். அதற்குப் பதில் இப்படி இருக்கலாம்:

"ஆர்க்கைவில் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் ஆகியவற்றில் மட்டும் தேடும், முழு உரைக்குள் தேடாது. மருத்துவ ஆய்வுகளுக்கு பப்மெட் டூலை அழை. பேப்பர் எண் தெரிந்தால் தேடாதே, 'பேப்பர் எடு' டூலை அழை. ஒருமுறைக்கு 10 முடிவுகள் வரும். எதுவும் வராவிட்டால் சொற்களைக் குறைத்து இன்னொரு முறை தேடு. அப்போதும் இல்லையென்றால் 'ஆர்க்கைவில் கிடைக்கவில்லை' என்று மட்டும் சொல்."

இதில் 'முழு உரைக்குள் தேடாது' என்பதும் கடைசி வரியும்தான் விலைமதிப்புள்ளவை. டூல் என்ன செய்யும் என்பதைப் பெயரை வைத்தே ஏஜென்ட் ஓரளவு ஊகித்துவிடும். என்ன செய்யாது என்பதை ஊகிக்க வழியே இல்லை.

ஆசிரியர் பெயர் தனித் தலைவலி. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது; இனிஷியல் அப்பாவுடையது. ஆய்விதழ்களின் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் சில சமயம் அப்பா பெயர் போய் உட்காரும், சில சமயம் சொந்தப் பெயர். ஆகவே பெயரை இரண்டு வரிசையிலும் தேடச் சொல்ல வேண்டும். இனிஷியல் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்று என்று முடிவு கட்டாதே என்றும் சொல்ல வேண்டும். எஸ். சந்திரசேகர் என்று தேடினால் 1983இல் நோபல் பெற்ற விண்மீன் இயற்பியலாளரும் வருவார். இதே பெங்களூரில், ராமன் ஆய்வுக் கழகத்தில், 1977இல் வட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகத்தைக் கண்டறிந்தவரும் வருவார். சி. வி. ராமன் முன்னவருக்குச் சித்தப்பா, பின்னவருக்கு மாமா. நிறுவனம், துறை, உடன் எழுதியோர் ஆகியவற்றை ஒப்பிட்ட பிறகே இரண்டு பேப்பரை ஒருவர் கணக்கில் சேர்க்கலாம்.

எல்லாவற்றையும் விளக்கத்தில் கொட்டுவதும் தப்பு. ஆர்க்கைவ் ஏபிஐயை (நிரல்கள் தகவல் கேட்கும் வழியை) தொடர்ந்து அழைக்கும்போது நடுவே 3 வினாடி இடைவெளி விட வேண்டும். இதை ஏஜென்டிடம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம், நிரலிலேயே காத்திருக்க வைத்துவிடலாம். முழு உரையும் அப்படித்தான்: 20 பக்கப் பேப்பர் சாதாரணமாகவே பத்தாயிரம் டோக்கனை (ஏஐ உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டு) தாண்டும். கேட்காதவரை சுருக்கத்தை மட்டும் தருவதை இயல்பாக வைத்து, 'எந்தப் பகுதி' என்று ஓர் அளவுருவைச் சேர்த்தால் போதும்.

பிழைச் செய்தியும் விளக்கத்தின் நீட்சிதான். வெறும் '400' என்று பிழை எண்ணை மட்டும் திருப்பினால், ஏஜென்ட் அதே அழைப்பை மறுபடி அனுப்பும். 'எண்ணில் புள்ளி இல்லை, 1706.03762 போல அனுப்பு' என்றால் அடுத்த முறை சரியாக வரும். நம் ஆபீஸ் ஆங்கிலத்தையும் இங்கே கொண்டுவரக் கூடாது. 'பிழை வந்தால் ரிவர்ட் செய்யவும்' என்பதற்கு நம்மிடையே 'பதில் சொல்லவும்' என்று பொருள். ஏஜென்டுக்கு அது 'செய்ததைத் திரும்பப் பெறு'. 'டூ த நீட்ஃபுல்' (ஆவன செய்யவும்) பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சோதிக்க 20 கேள்விகள் போதும், ஓர் ஆய்வு மாணவர் அவசரத்தில் எப்படிக் கேட்பாரோ அப்படி. பதிலைப் பார்ப்பதற்கு முன் எந்த டூலை எந்த மதிப்புகளோடு அழைத்தது என்று லாக்கில் பார்க்க வேண்டும். தவறான டூலை அழைத்துவிட்டு நினைவிலிருந்து சரியான பதிலைச் சொல்வதும் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எது பலித்தது என்று தெரியாது. இருபதில் குறைந்தது இரண்டு கேள்விகள், இல்லாத பேப்பரைப் பற்றியதாக இருக்கட்டும். அதற்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு சகிதம் பதில் வந்து நின்றால், ரிலீஸைத் தள்ளிப்போட்டுவிட்டு விளக்கத்தின் கடைசி வரியைத் திறக்க வேண்டியதுதான்.