கரும்பலகை ஓரத்து எண்

நாங்குநேரிப் பக்கம் நான் படித்த தொடக்கப்பள்ளிக்குச் சென்ற வாரம் போயிருந்தேன். கரும்பலகையின் ஓரத்தில் ‘பதிவு 29, வருகை 27’ என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்ததைக் கண்டதும் மனம் கனத்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி, 31 முதல் 100 மாணவர் வரையுள்ள அரசுப் பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். 30 அல்லது அதற்குக் கீழே போனால் 10,000 ரூபாய்தான். இரண்டு குடும்பங்கள் பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் போனதில் பிள்ளைகள்தான் குறைந்தார்களே தவிர, ஒழுகும் ஓட்டுக்கூரையும் சுண்ணாம்பு உதிரும் சுவரும் அப்படியேதான் இருக்கின்றன.

ஆசிரியர் பணியிடத்தையும் ஆகஸ்ட் 1 அன்றுள்ள எண்ணிக்கையை வைத்தே நிர்ணயிக்கிறார்கள். உபரி என்றால் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தனியாள். தலைகளை மட்டும் எண்ணி வகுப்புகளை எண்ணாத இந்தக் கணக்கு சிற்றூர்ப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து.

கிளம்பும்போது, கீழத்தெருவில் ஐந்து வயதுப் பிள்ளை யாரும் இருந்தால் சொல்லுங்கள் தம்பி என்று கேட்டுக்கொண்டார் தலைமையாசிரியை.